முதல் வகுப்பில் முந்நூற்று நாற்பது பேர்

மேலப்பாளையம் நூகு ஒரு நாளைக்கு நாலாயிரம் தடவை ‘உள்ளே வா’, ‘வெளியே நில்’ என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவர். சொல்வதெல்லாம் இணைப்பு கேட்டு வரும் கருவிகளிடம். ஆற்றில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கும் மானிகள், அபாயச் சங்குகள், மழை அளக்கும் பெட்டிகள், அப்புறம் கைப்பேசிகள். கைப்பேசியைத் தவிர மற்றவை சொன்ன பேச்சு கேட்கும். கைப்பேசிக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார், ஆளுக்கு ஒரு மச்சினன் இருக்கிறார், மச்சினனுக்கு ஒரு கட்சி இருக்கிறது. நூகுவின் தலைவலி அங்கேதான் ஆரம்பம்.

இரண்டாயிரத்து இருபத்துமூன்று டிசம்பரில் தாமிரபரணி ஊருக்குள் வந்துபோனதை யாரும் மறக்கவில்லை. அந்த நாட்களில் கைப்பேசியால் ஆன ஒரே உபயோகம், விளக்கடித்துப் பாம்பு இருக்கிறதா என்று பார்த்ததுதான். அதற்குப் பரிகாரமாகப் பிறந்தது ‘மும்மடிப் பாதுகாப்பு இணைப்புத் திட்டம்’. தரையில் கைப்பேசிக் கோபுரங்கள், கோபுரம் படுத்தால், கயிறு கட்டி வானத்தில் நிறுத்திய ஒரு பெரிய பலூன், பலூனும் இல்லையென்றால் அதற்கும் மேலே செயற்கைக்கோள். பாபநாசத்திலிருந்து கடல் வரைக்கும் ஆற்றுக்கு மூன்று மாடிக் காவல் என்று திறப்பு விழா அழைப்பிதழில் தங்க எழுத்தில் போட்டிருந்தார்கள். காற்று பலமாக அடித்தால் பலூனைக் கீழே இறக்கிவிட வேண்டும் என்பதையும், செயற்கைக்கோளில் ஒரே சமயத்தில் நாற்பது கருவிக்குத்தான் இடம் உண்டு என்பதையும் போட அழைப்பிதழில் இடம் போதவில்லை. பிரமுகர்கள் பெயரே நாலு பக்கம் வந்துவிட்டது.

நூகுவுக்கு நாற்பத்தெட்டு வயது. பதினாறு வருஷம் வளைகுடாவில், பாலைவனத்து எண்ணெய்க் கிணற்று முகாமில், இதே வேலையைப் பார்த்தவர். அங்கேயும் ஒரே ஒரு செயற்கைக்கோள் இணைப்பு, அறுநூறு ஆட்கள். யாருடைய கருவி எப்போது உள்ளே போகலாம் என்று பட்டியல் வைத்திருந்தார். விஷவாயு எச்சரிக்கைக்கு முதல் இடம், டாக்டருக்கு இரண்டாவது, மேனேஜருக்கு மூன்றாவது. ஒருநாள் வாயு மானி அலறியபோது மேனேஜரின் பேச்சு பாதியில் அறுந்தது. மேனேஜர் நேரே நூகுவிடம் வந்து கைகொடுத்துவிட்டுப் போனார். ஊருக்குத் திரும்பி இந்தத் திட்டத்தில் ஒப்பந்த ஊழியராகச் சேர்ந்தபோது, உலகம் முழுவதும் மேனேஜர்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்ற நல்லெண்ணத்தோடு நூகு வந்தார். பாவம்.

வந்த முதல் மாதமே சேரன்மகாதேவிக்குக் கிழக்கே ஆற்றை ஒட்டிய கீழ்க்கரைத் தெருவுக்குப் போனார். பதினேழாம் எண் மானியை அங்கே நட வேண்டும். அறுபத்து நாலு வீடு. வயல் வேலைக்குப் போகும் சனங்கள். நடவுக்கூலிக்குப் போகும் சுடலைவடிவு என்கிற பெண்தான் மண்வெட்டி கொடுத்து, தண்ணீர் கொடுத்து, கடைசிவரை கூட நின்று பார்த்தாள்.

“மழ பெஞ்சா நான் கண்ணசர மாட்டேன் அண்ணாச்சி. ஆத்தயே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். அந்த வருசம் ரெண்டு பிள்ளையளயும் சேலையால இடுப்போட கட்டிக்கிட்டு, கான்கிரீட் வீட்டு மாடியில ரெண்டு நாளு நின்னவ” என்றாள்.

“இனி ஆத்த நீங்க பாக்க வேண்டாம். இது பாக்கும். தண்ணி ஏறினா எனக்குச் சொல்லும். நான் சொன்னா அந்தக் கம்பத்துல இருக்க சங்கு ஊதும். ஊதின பொறவு பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர உங்களுக்கு அரை மணி நேரம் இருக்கும்.”

“நெசமாத்தானா?”

“நான் சொல்லுதேன்லா.”

அப்படிச் சொன்னபோது நூகு பொய் சொல்லவில்லை. அன்றைக்கு அவர் கையில் இருந்த பட்டியலில் மானிகளும் சங்குகளும் முதல் வகுப்பு. மீட்புப் படகும் ஆம்புலன்ஸும் இரண்டு. அதிகாரிகள் மூன்று. மற்ற எல்லோரும் நாலு. பாலைவனத்துப் பட்டியலைத்தான் கொஞ்சம் வெட்டி ஒட்டியிருந்தார்.

பட்டியலைத் திட்ட அலுவலர் வைத்தியலிங்கத்திடம் நீட்டினார். வைத்தியலிங்கம் பலூனைப் பற்றியோ செயற்கைக்கோளைப் பற்றியோ அதிகம் அறிந்தவரல்ல. ஆனால் விழா மேடையில் யாரை எந்த நாற்காலியில் உட்கார வைப்பது என்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அந்தத் திறமைக்காகவே ஐந்து திட்டங்களைப் பார்த்தவர். பட்டியலைப் படித்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“என்னவே இது, எம் பேரு மூணாவதுல கிடக்கு?”

“சார், தண்ணி ஏறுறப்ப மொதல்ல பேச வேண்டியது மானிதான். வளைகுடால மேனேஜரே மூணாவதுதான் சார்.”

“அது வளைகுடா வே. அங்கன மேனேஜர் ஒருத்தரு. இங்கன எத்தன பேரு? நீரு போட்டிருக்க நாலாவது வகுப்புல கவுன்சிலர் இருக்காரு, தர்மகர்த்தா இருக்காரு, ஜமாஅத் செயலாளர் இருக்காரு. இத எவனாவது பாத்தா நானும் நீரும் ஊருக்குள்ள நடமாட முடியுமா?”

பார்த்துவிட்டார்கள். பட்டியல் வெளியே கசிந்த இரண்டாம் நாளே பாளையங்கோட்டை அலுவலக மாடிப்படியில் செருப்புகள் நிறைந்தன. தேர்த்திருவிழாவில் பரிவட்டம் யாருக்கு முதலில் கட்டுவது என்று மூன்று தலைமுறையாக வழக்காடுகிற குடும்பங்கள் நம் பக்கத்தில் உண்டு. அவர்களுக்கு இப்போது வானத்திலும் ஒரு கோயில் கிடைத்துவிட்டது. செயற்கைக்கோளால் என்ன செய்யலாம் என்று ஒருவரும் கேட்கவில்லை. தனக்கு எந்த வகுப்பு, எதிர்வீட்டுக்காரனுக்கு எந்த வகுப்பு, இந்த இரண்டே கேள்விதான். செங்கல்சூளை முதலாளி ஒருவர், தன் போட்டியாளருக்கு முதல் வகுப்பு கொடுத்தால் தனக்கும் அதுவே வேண்டும், அவருக்குக் கொடுக்காவிட்டால் தனக்கு ஒன்றுமே வேண்டாம் என்று பெருந்தன்மையாக எழுதிக் கொடுத்தார்.

வைத்தியலிங்கம் இதற்கெல்லாம் அசருகிற ஆளா? அழைப்பிதழில் அவர் கையாளும் வைத்தியத்தையே இங்கேயும் பார்த்தார். கேட்ட எல்லோருக்கும் முதல் வகுப்பு. முந்நூற்று முப்பத்தொன்பது பேர். படகுக்கும் ஆம்புலன்ஸுக்கும் இரண்டாம் வகுப்பே நீடித்தது. மானிகளும் சங்குகளும் நாலாவதுக்குப் போயின.

“சார், முதல் வகுப்புக்காரன் உக்காந்துட்டா அவனா எந்திச்சுப் போற வரைக்கும் நாலாம் வகுப்புக்கு இடமே கிடைக்காது சார்” என்றார் நூகு.

“தரைல கோபுரம் இருக்கு, மேல பலூன் இருக்கு. ரெண்டும் போனாத்தானவே அந்த நாப்பது? அதெல்லாம் எங்க நடக்கப் போவுது? இன்னொன்னு சொல்லுதேன் கேட்டுக்கிடும். மானி என்னைக்காவது மாடியேறி வந்து நம்மகிட்ட சண்டை போடுமா?”

போடாது. நூகு கையெழுத்துப் போட்டார். மார்ச்சில் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டியிருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அவரும் மறைத்ததில்லை.

முந்நூற்று நாற்பதாவது ஆள் வந்த கதை வேறு. அது அலுவலகத்தில் நடக்கவில்லை, வீட்டில் நடந்தது. நூகுவின் மகள் தஸ்மியாவைக் கட்டியிருக்கும் ஆதில் துபாயில் இருக்கிறான். ஆதிலின் வாப்பா தாஜ் முகம்மது ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சாப்பிட வந்தார். பிரியாணியை முடித்து, கைகழுவி, வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்.

“சம்மந்தி, அந்த வெள்ளத்துல அஞ்சு நாளா மவன்கிட்ட ஒரு வார்த்த பேச முடியல. அவன் அங்கன துடிச்சுப் போய்ட்டான். ஏதோ முதல் வகுப்புன்னு சொல்லுதாங்களே, உங்க கையில உள்ளதுதான?”

நூகு விதிமுறை என்று ஏதோ ஆரம்பித்தார். அடுப்படி வாசலிலிருந்து அவர் மனைவி சுபைதா பேகம் பார்த்த பார்வையில் விதிமுறை பாதியிலேயே நின்றது. சம்பந்தி போனபின் அவள் சொன்னது இவ்வளவுதான்: “ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் குடுத்திய. மாப்பிள வீட்டுக்காரங்க வாய்விட்டு ஒண்ணு கேட்டு இல்லன்னா, நாள பின்ன எம்மவ அங்கன எப்படித் தலநிமிந்து நடப்பா?”  மறுநாள் காலையில் தாஜ் முகம்மதுவின் கைப்பேசி முதல் வகுப்பில் ஏறியது. அதற்குமட்டும் யார் சிபாரிசும் தேவைப்படவில்லை.

அக்டோபரில் ஒத்திகை வைத்தார்கள். சங்கு ஊதும், தெருவே எழுந்து பள்ளிக்கூடத்துக்கு நடக்கும், அதைப் படம் எடுத்து மேலே அனுப்ப வேண்டும். கீழ்க்கரைத் தெருவுக்குப் பொறுப்பாளர் சுடலைவடிவு. ஆரஞ்சு நிறச் சட்டை ஒன்று கொடுத்திருந்தார்கள். வெள்ளத்தைக் கண்ட சனம் அல்லவா, மேகம் கறுத்ததைப் பார்த்துவிட்டு, சங்கு ஊதுவதற்கு முன்பே பிள்ளைகளையும் ஆட்டையும் இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் வந்துவிட்டது. படக்காரர் அப்போதுதான் பலூனைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். வைத்தியலிங்கத்துக்குக் கோபமான கோபம்.

“சங்கு ஊதுமுன்ன எவனும் தெருவ விட்டு வரப்படாது. இது திட்டம். அவனவன் இஷ்டத்துக்கு வந்தா பள்ளிக்கூடக் கதவு தெறக்காது. ஏம்மா பொறுப்பாளர், ஒன்னய எதுக்குப் போட்டிருக்கு?”

அத்தனை பேரையும் திருப்பி அனுப்பி, சங்கு ஊதி, மறுபடி வரவழைத்துப் படம் எடுத்தார்கள். படம் நன்றாக வந்திருந்தது. சுடலைவடிவு தலைகுனிந்து நின்றதை நூகு பார்த்தார். அருகே போய், “வெசனப்படாதிய. சங்கு சரியா ஊதும்” என்று ஆறுதல் சொன்னார். நாலாம் வகுப்பு நினைவு அப்போது அவருக்கு வந்தது. வந்ததை அப்படியே விழுங்கிவிட்டார்.

நவம்பர் கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை, காலையிலிருந்தே மழை கொட்டியது. பன்னிரண்டு மணிக்குக் காற்று கிளம்ப, பலூனைக் கீழே இறக்கிக் கூடாரத்துக்குள் மடித்து வைத்தார்கள். மழைக்காக வாங்கிய பலூன் அன்றைக்கு நனையாமல் பத்திரமாக இருந்தது. ஒன்றரைக்குக் கரை நெடுக மின்சாரம் போய்க் கோபுரங்களும் ஒவ்வொன்றாகப் படுத்தன. மிச்சம் இருந்தது செயற்கைக்கோளின் நாற்பது இடம். பாபநாசம் பஸ்ஸில் ஜன்னல் வழியே துண்டு வீசுகிற வேகத்தில் நாற்பதும் நிரம்பின.

சரியாக இரண்டு மணிக்கு நூகுவின் திரையில் ஒரு வரி வந்தது. பதினேழாம் எண் மானி. அனுமதி இல்லை. பின்னர் முயல்க.

அந்த மானிக்கு ஒரு குணம் உண்டு. தண்ணீர் அபாயக்கோட்டைத் தொடும்வரை பத்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் கதவைத் தட்டும். தொட்டுவிட்டால் நிமிடத்துக்கு நிமிடம் தட்டும். இரண்டு ஒன்று, இரண்டு இரண்டு, இரண்டு மூன்று என்று வரிகள் வர ஆரம்பித்தன. என்ன அளவு என்று கேட்க வழியில்லை, ஏனென்றால் உள்ளே விட்டால்தான் அது அளவைச் சொல்லும். 

மானிக்கு ஓர் இடம், சங்குக்கு ஓர் இடம். இரண்டே பேரை எழுப்பினால் போதும். எழுப்பும் அதிகாரம் நூகுவுக்கு இருந்தது. ஆனால் எழுப்பப்பட்டவர் கைப்பேசிக்கு ‘உங்கள் இணைப்பைத் துண்டித்தவர்: நூகு’ என்று பெயரோடு செய்தி போகும். ஒளிவுமறைவு இல்லாத நிர்வாகம் வேண்டும் என்று மேலிடத்தில் யாரோ ஆசைப்பட்டதன் பலன். நாற்பது பெயரையும் மேலிருந்து கீழாகப் படித்தார். கவுன்சிலர், மொட்டைமாடியிலிருந்து மழையை நேரலையில் காட்டிக்கொண்டிருந்தார். செங்கல்சூளைகள் இரண்டும் உள்ளே இருந்தன. ஒருவர் போகாமல் மற்றவர் போவதாயில்லை. தர்மகர்த்தா யாருக்கோ ‘பத்திரமாக இருங்கள்’ என்று எண்பது படங்கள் அனுப்பிக்கொண்டிருந்தார். முப்பத்தெட்டாவதாகத் தாஜ் முகம்மது.

நூகு மரியாதையான வழியை முதலில் பார்த்தார். அவசரத் தேவை இல்லாதவர்கள் தயவுசெய்து இணைப்பை விட்டுக்கொடுக்கவும் என்று நாற்பது பேருக்கும் செய்தி அனுப்பினார். ஒருவர் விடாமல் பதில் போட்டார்கள். கும்பிடும் கைகள், உயர்த்திய கட்டைவிரல், ‘நல்ல முயற்சி, வாழ்த்துகள்’. ஒவ்வொருவரும் அது மற்ற முப்பத்தொன்பது பேருக்கு வந்த செய்தி என்று உளமார நம்பினார்கள். ஒருவர்கூட இறங்கவில்லை. மணி இரண்டு இருபது.

பக்கத்து அறைக்கு ஓடினார். வைத்தியலிங்கம் தொலைக்காட்சிக்குக் காணொளியில் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். அதுவும் நாற்பதில் ஒன்று. “ஆத்தோட ஒவ்வொரு அசைவும் எங்க கண்ணுல இருக்கு” என்று சொல்லிக்கொண்டே, வாசலில் நின்ற நூகுவைப் பார்த்து ஐந்து விரலைக் காட்டினார். ஐந்து நிமிடமாம். பத்து நிமிடம் கழித்தும் அதே ஐந்து விரல்தான். நூகு உள்ளுக்கும் வெளிக்குமாக நடந்தார்.

இரண்டு நாற்பத்தெட்டுக்கு மறுபடி திரை முன்னால் உட்கார்ந்தார். பதினேழு அப்போதும் தட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பிள்ளைகளையும் சேலையால் கட்டிக்கொண்டு நின்றவள் அவர் கண்ணுக்குள் வந்தாள். யாரைத் துண்டித்தாலும் வம்பு வரும், பழகிய வம்பு. ஒருவரைத் துண்டித்தால் மட்டும் வம்பு வீட்டுக்குள் வரும், மகள் தலையில் விடியும். அவரைத் தொடாமல் இருப்பதற்காகத்தான் மற்ற முப்பத்தொன்பது பேரையும் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தோம் என்று அந்த நிமிடத்தில் அவருக்கு விளங்கியது. பிஸ்மில்லா சொல்லி முப்பத்தெட்டாவது பெயரை அழுத்தினார்.

மானி உள்ளே வந்தது. அபாயக்கோட்டுக்கு மேலே நாலடி. சங்கை அழைத்தார், அதற்கு இடமில்லை. அடுத்த கணமே வைத்தியலிங்கத்தின் பெயரை அழுத்தினார். பக்கத்து அறையில் பேட்டி பாதி வாக்கியத்தில் நின்றது. இரண்டு ஐம்பத்தொன்றுக்குக் கீழ்க்கரைத் தெருவில் சங்கு ஊதியது.

மறுநாள் காலையில் குறிப்பாணை தயாராக இருந்தது. முக்கியப் பிரமுகர்களின் இணைப்பைத் தன்னிச்சையாகத் துண்டித்தது ஏன் என்று மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும். வீட்டில் சுபைதா பேகம் முகம் கொடுக்கவில்லை. சம்பந்தி ஆதிலுக்குப் பாளையங்கால்வாய் நிரம்பி ஓடுவதைக் காட்டிக்கொண்டிருந்தாராம், பையன் ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தானாம், சரியாக அந்த நேரம் பார்த்து அறுத்துவிட்டாராம். காகிதத்தைச் சட்டைப்பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு நூகு பஸ் ஏறினார்.

பள்ளிக்கூட வராந்தாவில் தெருவே உட்கார்ந்திருந்தது. கிழவர்கள், பிள்ளைகள், ஆடுகள். பதினோரு வீடு போய்விட்டது என்றார்கள். உயிர்ச்சேதம் இல்லை. சுடலைவடிவு ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றாமல் சாப்பாட்டு வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நூகுவைக் கண்டதும் ஓடி வந்தாள்.

“சொன்னபடி ஊதிட்டியளே அண்ணாச்சி. கொஞ்சம் பிந்திட்டு. மழைக்குள்ள என்ன செய்ய முடியும்? தெருவுக்குள்ள முழங்கால் வந்ததும் சனமெல்லாம் கெளம்புவோம்னு நின்னாவ. நான் விடல்லையே. சங்கு ஊதட்டும், அண்ணாச்சி சொல்லியிருக்காவன்னு வழிய மறிச்சு நின்னுட்டேன். ஊதுறப்ப இடுப்புக்கு வந்துட்டு. எம்மவள தோள்ல தூக்கிக்கிட்டுத்தான் வந்தேன்.”

நூகு வராந்தாப் படியில் உட்கார்ந்தார். வளைகுடாவில் மேனேஜர் கைகொடுத்தபோது நிமிர்ந்த உடம்பு இப்போது கூசியது. இந்தப் பெண் நன்றி சொல்வதை இனி ஒரு நிமிடம் கேட்டுக்கொண்டிருந்தால் செத்துப்போவோம் என்று தோன்றியது.

“மழையால பிந்தல்ல தாயி” என்றார். “உங்க மானி ரெண்டு மணிலேருந்தே கூப்பிட்டுச்சு. ஐம்பது நிமிசம் கூப்பிட்டுச்சு. நான்தான் உள்ள விடல்ல. உள்ள இடமில்ல.”

“இடத்துல யாரு இருந்தா?”

கவுன்சிலரைச் சொல்லலாம், சூளைக்காரர்களைச் சொல்லலாம், வைத்தியலிங்கத்தைச் சொல்லலாம். எல்லாம் உண்மையும்தான்.

“எஞ்சம்மந்தி” என்றார் நூகு. “மவளக் குடுத்த வீடு. துபாய்ல இருக்க அவரு மவனுக்கு மழையக் காட்டிக்கிட்டு இருந்தாரு. எழுப்ப மனசு வரல்ல.”

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். மண்ணை வாரித் தூற்றினாலும் வாங்கிக்கொள்ளத்தான் வந்திருந்தார். சுடலைவடிவு இடுப்பளவில் ஈரம் காயாமல் கோடு விழுந்திருந்த சேலையைப் பிழிந்துகொண்டே நின்றாள்.

“சம்மந்திமாருன்னா எப்படி அண்ணாச்சி முடியாதுங்கது?” என்றாள், குத்தலே இல்லாமல். “பொம்பளப் பிள்ளயப் பெத்தாச்சுல்லா.”

பிறகு, அவர் சாப்பிட்டாரா என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் வரிசையின் முன்னால் போய் ஒரு தட்டில் சோறு வாங்கிவந்து, அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.